மாலை போட்ட வீட்டில் ஆறுமணிக் குருவி

வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு வருகிற என் வயதுப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். போன ஐப்பசி அடைமழையில் டீச்சர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு குருவி வந்து விழுந்து கிடந்ததே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பச்சை முதுகு, நீலத் தோள், வாலுக்கு அடியில் சிவப்பு. எல்லோரும் செல்லை எடுத்துக்கொண்டு ஓடினீர்கள். நான் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "என்னா, ஒரு குருவியப் பாத்து இவ்ளோ பயமா?" என்று ஒருத்தி கிண்டல்கூடச் செய்தாள். பயமெல்லாம் இல்லை. வெட்கம். எட்டாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. கோர்வையாக வருமோ வராதோ, வந்த மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது, பத்து வயதிருக்கும். சிதம்பரத்தில் ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. கொல்லையில் இரண்டு மாமரம், ஒரு பலா, மாடு விற்றபின் காலியாகக் கிடந்த கொட்டகை, கடைசியில் வாய்க்கால் ஓரமாக மூங்கில் குத்து. அப்பாவுக்குக் கீழவீதிப் பக்கம் பூஜைச் சாமான் கடை. கற்பூரம், ஊதுவத்தி, சாம்பிராணி, சந்தனம், துளசிமாலை. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் வீடே கோயில் மாதிரி மணக்கும். இன்றைக்கும் கற்பூரம் ஏற்றினால் சாமிக்கு முன்னால் அப்பாதான் எனக்கு ஞாபகம் வருவார். நல்ல மனிதர். யார் வீட்டு விசேஷத்துக்கும் கேட்காமலே கற்பூரம் கொடுத்தனுப்புகிறவர். அவரைப் பற்றி எழுத வேண்டியிருப்பதால்தான் கை கூசுகிறது.

கார்த்திகை பிறந்ததும் அப்பாவும் அண்ணனும் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்வார்கள். மாலை போட்டுவிட்டால் எங்கள் வீடு வேறு வீடாகிவிடும். கோழிகளை எதிர்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவோம். மீன் சட்டியை அம்மா கொல்லையில் கவிழ்த்துவிடுவாள். வாசலிலிருந்து அடுக்களை வரைக்கும் மஞ்சள் தண்ணீர். எறும்பை விளக்குமாற்றால் தள்ளக் கூடாது, ஊதித்தான் விட வேண்டும். கொசு கடித்தால் அப்பா "சாமி சரணம்" என்று சொல்லிக் கையை உதறிக்கொள்வார், அடிக்க மாட்டார். அப்பாவும் அண்ணனும் ஒருவரையொருவர் 'சாமி' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். "சாமி, பூ வந்துடுச்சா?" "வந்துடுச்சுங்க சாமி." எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வரும். அம்மாவையும் என்னையும் 'மாளிகப்புரம்' என்பார்கள். விரத காலத்தில் வீட்டுப் பெண்களுக்கு அதுதான் பெயர். மாலை போட்டவர் கோபப்படக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது. எங்களுக்கு அடி விழாத மாதம் அது. அதனாலேயே எனக்குக் கார்த்திகை பிடிக்கும்.

அந்த வருஷம் வீட்டில் புதிதாக அண்ணி இருந்தார். அண்ணனுக்குக் கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனியில் வேலை. அங்கே தகப்பனாரோடு ஐஸ் வாங்க வந்து போய்க்கொண்டிருந்த கடலோரத்துப் பெண்ணை, ஆவணி மாதம் யாருக்கும் சொல்லாமல் திருவந்திபுரம் கோயிலில் தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றுவிட்டான். ஊர் பார்க்கிறதே என்று அம்மா ஆரத்தி எடுத்தாள். பிறகு அண்ணி கொண்டு வந்த டிரங்குப் பெட்டியைக் கொல்லையில் வெயிலில் நாள் முழுக்கத் திறந்து போட்டாள், வாடை போகட்டும் என்று. பெட்டியில் இருந்ததோ நாலு புடவையும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும்தான். அப்பா அண்ணி கையால் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்து நான் பார்த்ததில்லை. "வேணாம், வயிறு சரியில்ல" என்பார். மாலை போட்ட பிறகு அந்தப் பொய்யும் தேவைப்படவில்லை. விரதம் என்று சொன்னால் போதும்.

அண்ணி அதற்கெல்லாம் முகம் சுருங்குகிறவர் இல்லை. வாய் ஓயாமல் என்னிடம் பேசுவார். விசில் அடிப்பார். பெண்பிள்ளை விசில் அடித்து அதுவரை நான் கேட்டதில்லை.

ராத்திரி முழுக்க மழை கொட்டிய ஒரு விடியற்காலை. குளித்துவிட்டு ஈரத்துண்டோடு பூஜை அறைக்குள் போன அப்பா, "சாமியே!" என்று கூவினார். ஓடினோம். ராத்திரி அணையாமல் எரிந்த தூண்டாமணி விளக்குக்குப் பக்கத்தில், ஐயப்பன் படத்துக்கு நேர் கீழே, ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. ஜன்னல் திறந்திருந்தது.

மைனாவைவிடச் சின்னது. வாலை யாரோ கத்தரித்துவிட்ட மாதிரிக் கட்டையாக இருந்தது. முதுகு வெற்றிலைப் பச்சை. தோளில் மயில் கழுத்து நீலம். தொண்டை வெள்ளை, மார்பு சந்தனம். கண்ணைச் சேர்த்துக் கட்டின மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. வயிற்றுக்கடியில் குங்குமம் கொட்டின சிவப்பு. அப்பாவின் கடையை அப்படியே ஒரு கைப்பிடிக்குள் அடைத்தது போல இருந்தது. அப்பா கை நீட்டினார். அது பறக்கவில்லை. பறக்க அதற்குத் தெம்பில்லை. அப்பாவோ அது பயப்படவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

குருசாமிக்கு ஆள் போயிற்று. பக்கத்துத் தெருக்காரர், அவர்தான் எல்லோரையும் மலைக்கு அழைத்துப் போகிறவர். வந்து பார்த்தார், கையெடுத்துக் கும்பிட்டார். "இது சாதாரணப் பறவ இல்ல சாமி. காட்டுல இருக்கறவன் அனுப்பிவெச்ச விருந்தாளி. இருமுடி கட்டற வரைக்கும் நல்லாப் பாத்துக்கங்க. கெளம்பற அன்னிக்கி வுட்டுடலாம்."

அது என்ன குருவி என்று எனக்கு இப்போதுதான் தெரியும். பேத்தி செல்லில் எடுத்துப் படித்துச் சொன்னாள். காலையில் ஆறு மணிவாக்கிலும் சாயந்திரம் ஆறு மணிவாக்கிலும் கூவுமாம், அதனால் ஆறுமணிக் குருவி. வடக்கே இமயமலை அடிவாரத்துக் காட்டில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன்னால் ராத்திரி ராத்திரியாகப் பறந்து நம்ம பக்கம் வருமாம். மழையிலும் காற்றிலும் மாட்டிக்கொண்டால் விளக்கைப் பார்த்துக் கீழே இறங்கிவிடும், வீடு வாசல் என்று எங்காவது வந்து விழும். உடம்பில் இருந்த கொழுப்பெல்லாம் அந்தப் பயணத்திலேயே கரைந்து போயிருக்குமாம். விருந்தாளி என்று குருசாமி சொன்னதில் பிசகில்லை. பசியோடு வந்த விருந்தாளி.

கோழி அடைக்கிற பஞ்சாரக் கூடையைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பொட்டு வைத்து, அதற்குள் குருவியை விட்டார்கள். அப்பா வாழைப்பழம் வைத்தார். தொடவில்லை. பால் வைத்தார். ஊறவைத்த பயறு, அவல், வெல்லம், வெண்பொங்கல். "நெய் கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுப் பாக்கட்டா?" என்றாள் அம்மா. பஞ்சாமிர்தத்தை ஒரு குச்சியில் தொட்டு அப்பா அதன் அலகில் தடவினார். அது தலையை உதறிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. "சாப்புடுங்க சாமி. சாப்புடுங்க" என்று அப்பா அதற்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கெஞ்சினார். அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் மனசு இளகுகிறது. அத்தனை பிரியமாகத்தான் அதைப் பட்டினி போட்டார்.

மறுநாள் காலை பூஜை அறையைக் கழுவுவதற்காகப் பஞ்சாரத்தைக் கொல்லைத் தாழ்வாரத்தில் வைத்திருந்தார்கள். நான் பல் விளக்கப் போனேன். அண்ணி துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். நனைந்து கிடந்த தென்னை மட்டையைப் புரட்டினார். அடியில் மண்புழு நெளிந்தது. எடுத்துப் பஞ்சாரத்துக்குள் போட்டார்.

குருவி கண்ணைத் திறந்தது. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது. அப்புறம் ஒரு தத்து. புழுவைக் கொத்தித் தரையில் நாலு அடி அடித்தது, உதறியது, விழுங்கியது. அலகை மண்ணில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்துக்கொண்டது. கட்டை வால் மேலும் கீழும் ஆடியது.

நான் வாயைப் பிளந்து நின்றேன்.

"வாய மூடு பாப்பா, ஈ பூந்துடும்."

"அண்ணி, அது சாமி பறவ!"

"சாமி பறவன்னா வயிறு இல்லியா அதுக்கு? மூக்கப் பாரு. இந்த மூக்க வெச்சிக்கினு பொங்கலா திங்கும்?"

"அப்பாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாங்க."

"திட்டுனா என்னத்தான திட்டப் போறாரு. நீ போய்ப் பல்ல வெளக்கு."

பஞ்சாரம் அப்புறம் தாழ்வாரத்திலேயே இருந்தது. அன்றிலிருந்து விடிகாலையும் சாயங்காலமும் அண்ணிக்கு அதுதான் வேலை. மண்புழு, கறையான், மூங்கில் இலைக்கு அடியில் ஒளிந்திருக்கிற பூச்சி, சின்ன நத்தை. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பஞ்சாரத்தைத் தூக்கிவிடுவார். குருவி மாமரத்தடியில் இறங்கி நடக்கும். மற்ற குருவிகள் மாதிரிக் கிளை கிளையாகத் தாவாது. தரையோடு தரையாக, விழுந்த இலைகளை ஒவ்வொன்றாக அலகால் புரட்டித் தள்ளிப் பார்க்கும். ஜவுளிக் கடையில் எதுவும் பிடிக்காமல் புடவையாகத் தள்ளிக்கொண்டே போகிற பெண்பிள்ளையைப் போல இருக்கும். நிழலில் நின்றுவிட்டால் அத்தனை நிறமும் மறைந்து போகும். நீலம் மட்டும் ஒரு பொட்டாகத் தெரியும். றெக்கை முழுசாகத் தேறவில்லை. கொஞ்சம் எழும்பும், விழும். அண்ணி முந்தானையில் ஏந்தித் திரும்பக் கூடைக்குள் விடுவார்.

அம்மாவுக்கு இது தெரியும் என்றே நினைக்கிறேன். கொல்லை வாசற்படி வரை வருவாள், பார்ப்பாள், ஏதோ மறந்துவிட்ட மாதிரித் திரும்பிப் போய்விடுவாள்.

தெம்பு வந்ததும் குருவி கூவ ஆரம்பித்தது. தெருமுனையிலிருந்து ஒரு பையன் கூட்டாளியைச் சீட்டியடித்துக் கூப்பிடுவானே, அப்படி இரண்டு சுரத்தில். விடிகிற நேரமும் விளக்கு வைக்கிற நேரமும் தவறாது. அண்ணி அடுக்களையிலிருந்து அதே மாதிரித் திரும்ப விசில் அடிப்பார். அது பதில் சொல்லும். அப்பாவோ சரணம் சொல்லிக்கொண்டிருக்கும்போது கூவினால் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொள்வார். "சரணம் சொல்லுது பாத்தீங்களா சாமி?" கடைக்கு வருகிறவர்களெல்லாம் குருவியைப் பார்க்க வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். "என்னா சாமி குடுக்கறீங்க?" என்று கேட்டால், "பஞ்சாமிர்தம்தான். வேற ஒண்ணத்தையும் தொடறதில்ல" என்பார். உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். வைத்த பஞ்சாமிர்தம் தினமும் குறைந்துகொண்டுதானே இருந்தது. தின்றது எறும்பு. எறும்பை ஊதித்தானே விடுவோம்.

அப்புறம் படிபூஜை வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் பலகைகளைப் படிபடியாக அடுக்கி, படிக்குப் படி விளக்கும் பூவும் வைத்து, பக்கத்து ஊர்ச் சாமிமார்களெல்லாம் கூடிப் பாட்டுப் பாடினார்கள். பகல் முழுக்கப் பெய்த மழை பொழுது சாயும்போது விட்டிருந்தது. வாசலில் பெட்ரோமாக்ஸ் விளக்கு. கடைசியில் தீபாராதனை காட்டும் நேரம் அப்பா ஒரு கையில் கற்பூரத் தட்டோடு எழுந்து, எல்லோரும் தரிசனம் பண்ணட்டும் என்று பூச்சுற்றிய பஞ்சாரத்தை மெதுவாகத் தூக்கினார்.

அதே நேரம் ஈசல் கிளம்பியது. வாசல் மண்ணிலிருந்து புகை மாதிரிக் கிளம்பி வெளிச்சத்துக்கு வந்து, கூடத்துக்குள் புகுந்து, படி விளக்குகளைச் சுற்றிப் பொலபொலவென்று விழுந்தது. குருவி ஒரு நொடி அசையாமல் நின்றது. அப்புறம் அதைப் பிடிக்க முடியவில்லை. ஒரு படி தாவும், ஒரு ஈசலைக் கொத்தும், பூஜைப் பலகையில் அடித்து றெக்கையை உதிர்க்கும், விழுங்கும், அடுத்த படி. அண்ணாந்து பறந்து பிடிக்கும். ஐயப்பன் படத்துக்கு முன்னாலேயே ஒரு பெரிய ஈசலை வைத்து 'டொக் டொக்' என்று அடித்தது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டோம். வெளியூர்ச் சாமி ஒருவர், "சாமி, ஒங்க விருந்தாளி அசைவமா?" என்று கேட்டார். பெரியவர்களும் சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. கற்பூரத் தட்டு கையில் அப்படியே நின்றது.

குருசாமிதான் சொன்னார்: "பஞ்சாமிர்தம் சாப்ட்ட பறவ எப்பிடி சாமி இதுக்கு எறங்கும்? யாரோ பழக்கிவுட்டிருக்காங்க. கெடுத்துட்டாங்க."

கேட்டீர்களா? பூச்சி தின்கிற குருவிக்குப் பூச்சி தின்ன யாரோ கற்றுக் கொடுத்துவிட்டார்களாம். இன்றைக்கு நமக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் அத்தனை பெரியவர்களில் ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. எல்லார் கண்ணும் மெதுவாக அடுக்களை வாசல் பக்கம் திரும்பியது.

அண்ணி அங்கேதான் நின்றிருந்தார். "யாரும் பழக்கல மாமா" என்றார் அப்பாவைப் பார்த்து. "பொறந்ததுலேர்ந்து அது அதத்தான் தின்னுது. நான்தான் தெனம் புழு எடுத்துப் போட்டேன். போடாங்காட்டி என்னிக்கோ செத்துப் போயிருக்கும்."

மாலை போட்ட வீட்டில் புழுவைக் கொன்றதோடு, பூஜை நடுவில் செத்தது கித்தது என்று வேறு பேசிவிட்டார். அம்மா தரையைப் பார்த்தாள். அப்பா குரலை உயர்த்தவில்லை. மாலை போட்டவர் கோபப்படக் கூடாதே. தட்டைக் கீழே வைத்துவிட்டு அண்ணனிடம் மிக மெதுவாகச் சொன்னார்:

"சாமி, அது கடலோரத்துப் பழக்கம். அவுங்களச் சொல்லிக் குத்தமில்ல. மாளிகப்புரம் அவுங்க அம்மா வூட்டுக்குப் போவட்டும். இருக்கலாமா கூடாதான்னு மலைக்குப் போயிட்டு வந்து பேசிக்கலாம்."

"சரிங்க சாமி" என்றான் அண்ணன்.

இவ்வளவுதான். ஒரு வசவு இல்லை, ஒரு அடி இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பார் அண்ணி. 'அவுங்க', 'மாளிகப்புரம்' என்று மரியாதையாகச் சொன்னதற்கு என்ன பதில் பேசுவது? தாலி கட்டி நாலு மாதம்கூட முடியவில்லை. திரும்பி வருவதா வேண்டாமா என்பதே அன்றைக்குக் கேள்வியாகிவிட்டது.

தெருவில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மாலை போட்ட வீடுகளில் மாதாமாதம் தூரம் வருகிற பெண்கள் அம்மா வீட்டுக்குப் போவது வழக்கம்தான். "மருமவ ஊருக்குப் போயிருக்கா போல" என்றால், அம்மா "ஆமாம்" என்பாள். எங்கள் அவமானத்தை மூடிக்கொள்ள விரதமே ஒரு துணியாக இருந்தது.

பஸ் ஏற்றிவிட அண்ணன் போனான், நானும் கூடப் போனேன். கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த அண்ணி, அண்ணன் ஏதாவது சொல்வான் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் டிரைவர் சீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். வண்டி உறுமியதும் அண்ணி என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாப்பா, விடிகாலைல கூடையத் தூக்கி மாமரத்தடியில வுடு. அதுவே தேடித் தின்னுக்கும். மறந்துடாத."

மறக்கவில்லை. ஆனால் பஞ்சாரம் பூஜை அறைக்குள் போய்விட்டது. கதவுக்குப் பூட்டு. சாவி அப்பாவின் இடுப்பில். பறவையைத் திரும்பச் சுத்தம் பண்ண வேண்டும் என்று துளசித் தண்ணீர் தெளித்தார்கள்.

அது முதல் நாள் கூவியது. பதில் விசில் வரவில்லை. மறுநாள் சாயங்காலம் ஒரு சுரம்தான் வந்தது. அதற்கப்புறம் இல்லை. இறகெல்லாம் பந்து மாதிரி உப்பிக்கொண்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நீலம் மங்கிப் போயிற்று. அப்பா பாலையும் பழத்தையும் மாற்றி மாற்றி வைத்தார். கடைக்குப் போகவில்லை. சாமி அனுப்பிய விருந்தாளி அவர் வீட்டில் சாகப் போகிறது. செத்தால் இருமுடி கட்டலாமா கூடாதா? இத்தனை பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்களே, அவர்களுக்கு என்ன பதில்?

குருசாமி வந்தார். கதவுக்கு வெளியே நான் நின்றிருந்தேன். காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"புழு போட்டாத்தான் பொழைக்கும் போல. ஆனா விரதக்காரங்க கையால உயிர்வதை கூடாது சாமி. மாலை போடாதவுங்க செஞ்சா அது அவுங்களோட போவும். நமக்கு ஒட்டாது."

அப்பா பஞ்சாரத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, "போயி அந்த மாளிகப்புரத்த கூட்டியாங்க சாமி" என்றார்.

அம்மாவும் மாலை போடவில்லை. நானும் போடவில்லை. எங்கள் பேரை யாரும் எடுக்கவில்லை. எங்கள் மேல் பாவம் ஒட்டினால் வீட்டின் மேல் ஒட்டும் அல்லவா? ஒட்டினால் பரவாயில்லை என்று நினைக்க எங்கள் வீட்டில் ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் நாங்கள் பஸ் ஏற்றி அனுப்பியிருந்தோம்.

அண்ணி வந்தார். மழையில் நனைந்து, அண்ணனுக்குப் பின்னால், கொல்லை வழியாக. முன் வாசல் வழியாக வா என்று யாரும் சொல்லவில்லை. நேரே பஞ்சாரத்தைக் கேட்டார். குருவியை முந்தானைக்குள் வைத்துச் சூடு காட்டினார். ஒரு பூச்சியை நசுக்கி அதன் சாற்றை அலகோரம் வைத்தார். முதலில் கீழே விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி. பொழுது சாய்வதற்குள் அது ஒரு சின்னப் புழுவைத் தானாக விழுங்கியது. "தின்னுடுச்சி பாப்பா!" என்று அவர் போட்ட சத்தத்தில் உள்ளே அப்பா எழுந்து நின்றார். வெளியே வரவில்லை.

இருமுடி கட்டும் வரைக்கும் அண்ணி அந்தக் காலி மாட்டுக் கொட்டகையில்தான் இருந்தார். சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார். அம்மா சோறு கொண்டுபோய் வைப்பாள். அண்ணன் தினமும் கிணற்றடியில் குளிப்பான். கொட்டகை அங்கிருந்து பேசினால் கேட்கிற தூரம். பேசவில்லை. விரதம்.

கிளம்புகிற அன்று தெருவே கூடியிருந்தது. தலையில் இருமுடியோடு அப்பா கொல்லைக்கு வந்து கையை நீட்டினார். அண்ணி குருவியை அந்தக் கையில் வைத்தார். அண்ணி கையிலிருந்து அப்பா வாங்கிய முதல் பொருள் அதுதான். அவர் அதை வாசலுக்குக் கொண்டுவந்து உயரத் தூக்கி, "சாமியே!" என்றார். "சரணம் ஐயப்பா!" என்று அத்தனை பேரும் கோஷம் போட்டார்கள். குருவி தாழப் பறந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு, மூங்கில் குத்துக்குள் போய்விட்டது. எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். அண்ணி கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் வேன் ஏறிப் போனபின் அம்மா கொல்லைப் பக்கம் பார்த்து, "கொசு கடிக்குது, உள்ள வா" என்றாள். எங்கள் வீட்டில் அண்ணிக்குச் சொன்ன சமாதானம் அது ஒன்றுதான். மலையிலிருந்து திரும்பி வந்தவர்கள் 'பேசிக்கலாம்' என்றதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாமலே அண்ணி இருந்துவிட்டார்.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் அப்பா இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். கடையில், கல்யாண வீட்டில், வந்த விருந்தாளியிடம். பஞ்சாமிர்தம் தின்ற குருவி, சரணம் சொன்ன குருவி, இருமுடியோடு அவர் கையால் பறக்கவிட்ட குருவி. ஈசல் கதையில் வராது. அண்ணியும் வரமாட்டார். அப்பா சொல்லச் சொல்ல, அண்ணி அதே பந்தியில் குனிந்து சோறு போட்டுக்கொண்டிருப்பார். "கொஞ்சம் ரசம் ஊத்தட்டா?" என்று கேட்பார்.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணனும் போய்விட்டான். அண்ணி இப்போது மகனோடு கடலூர்ப் பக்கம் குடிகாட்டில் இருக்கிறார். மகனுக்குப் பக்கத்து ரசாயனக் கம்பெனியில் வேலை. டீச்சர் வீட்டுக் குருவியைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கார்த்திகையில் ஒருநாள் பஸ் ஏறிப் போனேன். என்னைப் பார்த்ததும், "வா பாப்பா, எளைச்சிட்டியே" என்றார். அறுபது தாண்டிய என்னைப் பாப்பா என்று கூப்பிட அவர் ஒருத்தர்தான் மிச்சம்.

மதியம் வீட்டில் எல்லோருக்கும் நெத்திலிக் குழம்பு. கார்த்திகை மாசம் முழுக்க நான் அசைவம் தொடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கென்று புதுச் சட்டியில் பூசணிக்காய் சாம்பார் வைத்திருந்தார். "மீன் கரண்டி படல. பயப்படாம சாப்புடு" என்றார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கை கழுவிவிட்டு வந்து கேட்டேவிட்டேன். "அண்ணி, அன்னிக்கி அந்தப் பாவத்த ஒங்க தலையில கட்டத்தான் கூப்ட்டாங்க. அது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னா. ஒங்கண்ணன் பஸ்ஸுலயே சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

அண்ணி மிச்சக் குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்:

"அந்தக் குருவி மட்டும் ஒங்கப்பா குடுத்த பழத்தத் தின்னுட்டு நல்லா இருந்திருந்தா, என்னத் திரும்ப யாரு பாப்பா கூப்ட்டிருப்பா?"